வராத பதின்மூன்று கோடுகள்

சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்ப்பது அவள் வேலை. தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜின் வெப்பநிலையை ஒவ்வொரு நிலையத்து நர்ஸும் காலையும் மாலையும் அனுப்புவார். எல்லாம் எக்செல்லில் சேரும். பிவட் டேபிள் நிலையவாரியாகத் தொகுக்கும். சார்ட்டில் நிலையத்துக்கு ஒரு கோடு. எந்தக் கோடாவது எட்டு டிகிரிக்கு மேலே தலை தூக்கினால் உடனே போன் போடுவாள். மூன்று வருடத்தில் ஒன்றையும் தவறவிட்டதில்லை. அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு வியாழக்கிழமை காலை நாத்தனார் போன் செய்தாள். போன மாதம் திறந்த நிலையம் ஒன்றில் அவள் நர்ஸ். இரண்டு நாள் லீவு முடிந்து அன்றுதான் வேலைக்குப் போயிருந்தாள்.

"அண்ணி, எங்க ஃப்ரிட்ஜ் ரெண்டு நாளா பன்னிரண்டு டிகிரில நிக்குது. எனக்குப் பதிலா வந்த பொண்ணு வேளை தவறாம அனுப்பியிருக்கா. நீங்க ஏன் கூப்பிடல?"

"சார்ட்ல அப்படி எதுவும் இல்லையேம்மா."

"அப்ப நான் என்ன கதையா விடறேன்?" நாத்தனார் கத்தினாள்.

பிவட் டேபிளை அடிவரை உருட்டினாள். 261ஆம் நிலையம், பன்னிரண்டு. அங்கே இருக்கிறது, சார்ட்டில் இல்லை. சார்ட்டைப் புதிதாகப் போட்டுப் பார்த்தபோது ஒரு பெட்டி எழுந்தது: ஒரு சார்ட்டில் அதிகபட்சம் 255 கோடுகள்தான். நிலையங்களோ 268. புது நிலையங்களைச் சேர்த்த அன்றும் இதே பெட்டி வந்தது. சாப்பிடப் போகும் அவசரத்தில் படிக்காமலே ஓகே தட்டியிருந்தாள்.

போனை மறுபடி காதில் வைத்தாள். "யாருக்காவது ஊசி போட்டாச்சா?"

"இல்ல. நாளைக்குத்தான் போடற நாள்."

"ஒண்ணையும் தொடாதே. தனியா எடுத்து வை."

மிச்சமிருந்த பன்னிரண்டு புது நிலையங்களையும் டேபிளிலேயே விரல் வைத்துப் பார்த்தாள். ஒன்றில் அன்று காலை ஒன்பது. போன் போட்டால், ஃப்ரிட்ஜ் கதவு சரியாகச் சாத்தவில்லை. அந்த மருந்து பிழைத்தது. நாத்தனாரின் நிலையத்தில் இருந்த அறுபது குப்பியும் வீண்.

அதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பதிலா வந்த பொண்ணு போன்லயும் சொல்லியிருக்கணும்னு அறிக்கைல ஒரு வரி சேர்த்துடலாமா? உங்க பாரம் குறையும்."

"வேண்டாம் சார். அவ செய்ய வேண்டியதைச் செஞ்சிருக்கா. படிக்காம ஓகே தட்டினது நான்."

அப்படியே எழுதிக் கொடுத்தாள். அன்று மாலையே அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது.

மறுநாள் சார்ட் இருந்த டேஷ்போர்டையே மாற்றினாள். எட்டைத் தாண்டிய நிலையங்கள் மட்டும் சார்ட்டுக்கு வரும்படி பிவட்டில் வடிகட்டி போட்டாள். கோடுகள் மூன்றோ நான்கோதான். அன்று தகவலே அனுப்பாத நிலையங்கள் பக்கத்தில் தனிப் பட்டியலாக நின்றன.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "இதுவும் 255ஐத் தாண்டினா?"

"அத்தனை ஃப்ரிட்ஜும் ஒரே நாள்ல கெட்டா, சார்ட் பார்க்க நான் இங்க உட்கார்ந்திருக்க மாட்டேன் சார்."

அவர் சிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். நேராக அடுக்களைக்குள் நுழைந்து, அண்ணி கழுவிய பாத்திரங்களைத் துடைத்து அடுக்கத் தொடங்கினாள். வழக்கமாக அவள் அந்தப் பக்கமே வரமாட்டாள்.

"அந்தப் பொண்ணு ரெண்டு நாளா அழுதுட்டிருந்தா. உன்மேல தப்பில்லைன்னு எங்க அண்ணியே எழுதிக் கொடுத்துட்டாங்கன்னு சொன்னேன்."

"அன்னிக்கு நீ போன்ல கத்தின கத்துல என் காதே அடைச்சுப்போச்சு."

"கத்தாம? ஆனாலும் அதுக்கப்புறம் நீங்க ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே அண்ணி."

"பேச என்னம்மா இருந்துச்சு? அந்தப் பெரிய பாத்திரத்தை எடு."