பாரம் இடுப்பில் நிற்கட்டும்

கடைக்காரர் எடுத்துக் கொடுத்த முதல் கேமராப் பையை முதுகில் மாட்டி, நெஞ்சுக்குக் குறுக்கே வரும் பட்டையின் கொக்கியைப் பூட்டிய மறுகணமே அவள் அதைக் கழற்றிக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டாள். "இது வேண்டாம்" என்றாள். ஏன் மேடம், நல்லா ஓடுற மாடலாச்சே என்றார் கடைக்காரர். அந்தப் பட்டை சரியாகத் தையல் ஓடிய தழும்பின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது என்பதை முன்பின் தெரியாத ஆளிடம் எப்படிச் சொல்வது என்று அவள் யோசிப்பதற்குள் பக்கத்தில் நின்ற அக்கா முந்திக்கொண்டாள்.

"அவளுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆகியிருக்குங்க. வெயிட்டே தூக்கக் கூடாது. சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தோம்."

"சும்மா பாக்க வரல. வாங்க வந்திருக்கேன்" என்றாள் அவள். "இன்னொண்ணு காட்டுங்க."

பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்குக் குருவி என்று பெயர். ஆள் சிறியவள். பெரிய பெரிய ஆட்கள் முண்டியடிக்கும் கூட்டத்தில் யாருடைய முழங்கைக்குக் கீழாவது புகுந்து, எல்லோருக்கும் முன்னால் போய் நின்று படம் எடுத்துவிடுவாள். அந்தப் பெயரை வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். பிறகு அவளுடைய படங்கள் முதல் பக்கத்தில் வர ஆரம்பித்ததும் அதே பெயரை வேறு குரலில் சொன்னார்கள். இத்தனை வருடமும் இரண்டு கேமராக்களையும் லென்ஸ்களையும் ஒரு தோள்பையில் போட்டு இடது தோளில்தான் தொங்கவிட்டுக்கொண்டு அலைந்தாள். கண்ணாடி முன் நின்றால் இடது தோள் வலதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். ரவிக்கை தைப்பவர் அளவெடுக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவார். கட்டி வந்ததும் அதே இடது பக்கம்தான். மார்போடு சேர்த்து அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். இனி அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, இரத்த அழுத்தம்கூடப் பார்க்கக் கூடாது, பாரம் தொங்கவிட்டால் கை வீங்கிவிடும் என்று மருத்துவர் சொன்னார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் வேறொன்று சொன்னாள்: உடம்பை மெதுவாகப் பழக்கினால் தூக்கலாம், ஆனால் தோளில் இல்லை, பாரத்தை இடுப்புக்கு இறக்குங்கள். அக்கா முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள். அவள் இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாள். வீட்டில் மாதக்கணக்காக நடந்துகொண்டிருந்த சண்டையின் மொத்தமும் அவ்வளவுதான்.

கடைக்காரர் அடுத்ததாக இளஞ்சிவப்பில் ஒன்றை எடுத்துப்போட்டார். பூ வேலை செய்த ஜிப். "லேடீஸ் மாடல் மேடம். பாக்க அழகா இருக்கும்."

"இதுல லென்ஸ் வெச்சா, லென்ஸுக்கு அழகு கூடுமா?"

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். "அப்போ இதுதான் உங்களுக்கு. தூக்கவே வேண்டாம். இழுத்துக்கிட்டே போகலாம்."

"அதேதான்!" என்றாள் அக்கா. அவள் முகம் அன்று முதல்முறையாக மலர்ந்தது. "இத வாங்கிக்க. இதுக்குன்னா நான் ஒண்ணும் சொல்லல."

அவள் பெட்டியைப் பார்த்தாள். பளிங்குத் தரையில் வழுக்கிக்கொண்டு போகும் பெட்டி. சேற்றிலும் சரளைக் கல்லிலும், ஜனங்கள் கால்களை மிதித்துக்கொண்டு ஓடும் தெருவிலும் இதை இழுத்துக்கொண்டு ஓடும் தன்னை நினைத்துப் பார்த்தாள். வெளியூர் போகிற சித்தி மாதிரி இருக்கும்.

"நான் போற எடமெல்லாம் விமான நிலையம் இல்லக்கா" என்றாள்.

அவள் வீட்டிலிருந்து துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்ததை எல்லாம் மேசைமேல் எடுத்து வைத்தாள். இரண்டு கேமரா, நீளமான லென்ஸ் ஒன்று, குட்டையாக இரண்டு, மின்கலங்கள், மடிக்கணினி, அதன் தடித்த சார்ஜர். வெறும் பையை மாட்டிப் பார்ப்பது காலில் போட்டுப் பார்க்காமல் செருப்பு வாங்குவது போலத்தான், ஒன்றும் தெரியாது என்பது அவள் எண்ணம். ஒவ்வொரு பையாக நிரப்பினாள், மாட்டினாள், கடைக்குள் நடந்தாள், குனிந்தாள், உட்கார்ந்து எழுந்தாள். ஒன்றில் தோளில் போடும் பட்டை கழுத்தை அறுத்தது. இன்னொன்றில் மடிக்கணினி வைக்கும் உறை பையின் அடிவரைக்கும் இறங்கியிருந்தது. கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் கணினியின் மூலை தரையில் இடிக்கும். அப்படி ஒரு கணினியின் திரை விரிசல் விட்டு, சம்பவ இடத்திலிருந்து படத்தை அனுப்ப முடியாமல் அவள் தவித்த அனுபவம் உண்டு. வேறொன்றில் எல்லாம் சரியாக இருந்தது, பக்கவாட்டில் திறந்தது. ஆனால் திறக்க வேண்டுமென்றால் வலது தோளைக் கழற்றி, முழுப் பாரத்தையும் இடது தோளில் தொங்கவிட்டுச் சுழற்ற வேண்டும். ஒருமுறை அப்படிச் சுழற்றினாள். அக்குளிலிருந்து முழங்கைவரை சூடான கம்பியை இழுத்தது போல் ஒரு வலி. பல்லைக் கடித்துக்கொண்டாள். அக்கா பார்த்துவிட்டாள்.

"போதும். வா, போலாம்."

"இரு."

"என்ன இரு? உன் மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரியாதா? உன் காயத்தக் கழுவுனவ நான். ராப்பகலா உன் பக்கத்துலயே உக்காந்திருந்தவ நான். திரும்பவும் உன்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக எனக்குத் தெம்பு இல்ல, சின்னவளே. ஆபீஸ்லதான் மேசை வேலை தரேன்னு சொல்றாங்கல்ல? ஃபேனுக்குக் கீழ உக்காந்து நல்ல படமாப் பொறுக்கிக் குடுத்தா ஆகாதா?"

"மத்தவங்க எடுத்த படத்த."

"ஆமா. அதனால என்ன கொறஞ்சிடும்?"

கடைக்காரர் நாசூக்காக உள்பக்கம் போய்விட்டார். அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் அக்காமேல் போகக் கூடாது என்றும் தெரிந்தது. தலையில் ஒரு முடிகூட இல்லாமல் சோற்றைக் கண்டாலே குமட்டிக்கொண்டு கிடந்த நாட்களில், அவள் வாயருகே கரண்டியோடு உட்கார்ந்திருந்த முகம் இது. ஆனால் அதே முகம்தான் இன்று அவளை அலமாரிக்குள் வைத்துப் பூட்டப் பார்க்கிறது.

"அக்கா, நீ பாத்துக்கிட்டதாலதான் நான் நிக்கிறேன். அத எங்க வேணா சொல்லுவேன். ஆனா பத்திரமா எடுத்து வைக்க நான் என்ன பீங்கான் சாமானா? கை வீங்கும். வீங்கினா கட்டுப் போட்டுக்கறேன். அதுக்காக இந்தக் கைய மடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருக்க என்னால முடியாது."

அக்கா கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

அந்தப் பையைக் காட்டியது கடைக்காரர் அல்ல. மேல் தட்டில், மற்றவற்றுக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்ததை அவளேதான் கேட்டு இறக்கச் சொன்னாள். கறுப்பும் இல்லாத சாம்பலும் இல்லாத ஒரு நிறம். இடுப்புப் பட்டை மட்டும் அகலமாக, தடித்துக் கிடந்தது. முன்பக்கம் ஜிப்பே இல்லை. "அது தப்பாத் தச்ச மாதிரி இருக்குன்னு யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க மேடம். ஜிப்பு முதுகுப் பக்கம் இருக்கு" என்றார் கடைக்காரர். மடிக்கணினியின் உறை அடியைத் தொடாமல் இரண்டு விரல் உயரத்தில் நின்றது. அவள் எல்லாவற்றையும் அடுக்கி, மாட்டி, இடுப்புப் பட்டையை எலும்பின்மேல் உட்காரவைத்து இறுக்கினாள். தோள்களிலிருந்து எடை கீழே இறங்கிப் போனதை உணர்ந்தாள். யாரோ பின்னாலிருந்து இரண்டு கையாலும் பையைத் தாங்கிக்கொண்டது போலிருந்தது. பிறகு ஏதோ தோன்றி, இரண்டு தோள்களையும் பட்டைகளிலிருந்து விடுவித்தாள். இடுப்பில் பூட்டியது பூட்டியபடி இருக்க, பையை அப்படியே வயிற்றுப் பக்கம் சுற்றித் திருப்பினாள். பை அவள் முன்னால் தட்டுப் போலச் சாய்ந்து நின்றது. ஜிப் கண்ணெதிரே இருந்தது. திறந்தாள். கேமரா கைக்கு எட்டியது. இடது கைக்கு ஒரு வேலையும் இல்லை.

"அட" என்றார் கடைக்காரர்.

"நெஞ்சுப் பட்டை?" என்றாள் அவள். அது பையின் தோள் பட்டைகளில் ஒரு சின்னத் தடத்தில் ஓடியது. நகத்தால் நெம்பினாள்.

"அய்யோ, அதக் கழட்டாதீங்க மேடம். கழட்டினா வாரண்டி கெடைக்காது."

"எனக்கும்தான் யாரும் வாரண்டி தரல" என்று சொல்லி, ஒரு பக்கத்தைப் பிடுங்கினாள், அடுத்த பக்கத்தையும் பிடுங்கினாள். பட்டையைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள். "இத நீங்களே வெச்சுக்குங்க."

வெளியே வந்தபோது அக்கா பையைப் பார்க்கவில்லை. ஆனால் நடக்க ஆரம்பித்ததும், பையின் பட்டைக்கும் காறை எலும்புக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்து அழுத்தம் பார்த்தாள், காய்ச்சலுக்கு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல. "படம் எடுக்க வெளிய போனா உன்கூடப் பேச மாட்டேன்" என்றாள். விரலை மட்டும் உடனே எடுக்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் ஜன்னலோரம் அவளுக்கென்று ஒரு மேசை தயாராக இருந்தது. சுழல் நாற்காலி, புதுத் திரை, யாரோ அன்போடு வைத்த ஒரு தொட்டிச் செடி. படப் பிரிவின் தலைவர், எல்லோருக்கும் 'சார்', எழுந்து வந்து வரவேற்றார். நல்ல மனிதர். மருத்துவமனைக்கு மூன்று முறை பழத்தோடு வந்தவர். முதுகில் இருந்த பையைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது.

"என்ன குருவி, எங்க கெளம்பிட்ட?"

"அந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கு சார். காலைல வெளிய நின்னு பேசிட்டிருந்தாங்க, கேட்டேன்."

ஆற்றோரப் பழைய கட்டடம் அது. இடிக்கப் போகிறோம் என்று மாநகராட்சி எல்லோரையும் வெளியேறச் சொல்லிவிட்டது. மாற்று வீடு தருகிற இடம் ஊருக்கு வெளியே எங்கோ இருக்கிறது என்று மேல்தளத்தில் சிலர் மட்டும் இறங்க மறுத்துவிட்டார்கள். மின்சாரம், தண்ணீர், லிப்ட் எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று.

"அதுக்கு வேற ஆள் போட்டாச்சும்மா. லிப்ட் கெடையாது. எல்லாரும் கீழ இருந்துதான் எடுக்கப் போறாங்க. உனக்கு எதுக்கு இந்த வீம்பு?"

"கீழ இருந்து எடுத்தா படத்துல கட்டடம்தான் சார் விழும். ஆள் விழ மாட்டாங்க."

"நடுவுல உனக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"யார் கேக்கப் போறாங்க சார்? என் கை, என் நெஞ்சு. நானே பதில் சொல்லிக்கிறேன்."

சுற்றி இருந்தவர்கள் திரையைப் பார்ப்பது போல் பாவனை செய்தார்கள். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். உட்கார்ந்தால் அந்த நாற்காலி தன்னைப் பிடித்துக்கொள்ளும் என்று பட்டது. கடைசியில் அவர், "ரெண்டு பேரும் போங்க. யார் படம் நல்லா இருக்கோ அது வரும். நான் உனக்காக ஒண்ணும் பாக்க மாட்டேன்" என்றார். அதைத்தான் அவளும் கேட்டாள்.

கட்டடத்தின் முன்னால் போலீஸ் வண்டிகளும் ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பும் நின்றன. புகைப்படக்காரர்கள் எல்லோரும் நீள லென்ஸை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் பின்பக்கம் போய், குப்பைக் கொட்டகையை ஒட்டிய படிக்கட்டைக் கண்டுபிடித்தாள். உள்ளே ஈரச் சுவரின் வாடை. கைப்பிடிக் கம்பிகளைக்கூட யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். முதல் இரண்டு தளங்கள் சுலபமாக இருந்தன. மூன்றாவதில் மூச்சு முட்டியது. சிகிச்சை தன்னிடமிருந்து என்னவெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீக்கம் தடுக்கப் போட்டிருந்த இறுக்கமான உறைக்குள் இடது கை கனத்தது. சுவரில் சாய்ந்து நின்றபோது, கீழேயிருந்து ஒரு பெண்மணி இரண்டு கைகளிலும் தண்ணீர்க் கேன்களோடு ஏறி வந்தாள். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். இடுப்பில் சேலையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"யாரு? மாநகராட்சியா?"

"பத்திரிகைங்க."

"பத்திரிகைக்காரங்கல்லாம் கீழதான் நிப்பாங்க." அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கையில என்ன உறை?"

"ஆபரேஷன். நெஞ்சுல ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. கை வீங்கும்."

அந்த அம்மா 'ஐயோ' என்று சொல்லவில்லை. கேன்களைக் கீழே வைத்துவிட்டுத் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். "இது ரெண்டும் போச்சு. அவன் லிப்ட நிறுத்தினா நான் எறங்கிடுவேன்னு நெனச்சான். தெனமும் ரெண்டு தடவ ஏறுறேன். அந்தப் பையக் குடு, ஒரு தளம் தூக்கியாரேன்."

"நீங்க தண்ணியத் தூக்குங்கம்மா. இத நான் தூக்கிக்கிறேன்."

"திமிருதான்" என்றாள் அந்த அம்மா, பாராட்டுகிற குரலில். இருவரும் சேர்ந்து ஏறினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார்கள். சில இடங்களில் இவளுக்கு மூச்சு வாங்கியது, சில இடங்களில் அவளுக்கு முழங்கால் மக்கர் செய்தது. யார் முதலில் நின்றது என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

மேல்தளத்தில் அந்த அம்மாவின் வீடு துடைத்துவிட்டது போலிருந்தது. காலி செய்யப்போகிற வீட்டின் எந்த அடையாளமும் இல்லை. சுவரில் காலண்டர், மூலையில் தையல் இயந்திரம், அதன்மேல் பாதி தைத்த பாவாடை. குருவி ஜன்னலோரம் நின்று தோள்களை விடுவித்து, பையை முன்னால் திருப்பினாள். அந்த அம்மா அதை வேடிக்கை பார்த்தாள். பிறகு, வந்த ஆளுக்காக வேலையை நிறுத்த முடியாது என்பது போல, தூக்கி வந்த தண்ணீரில் ஒரு கேனை வாளியில் ஊற்றி, ஊறிக்கிடந்த துணிகளை அலசத் தொடங்கினாள்.

கீழே ஒலிபெருக்கி கரகரத்தது. கடைசி எச்சரிக்கை என்றது. உடனே இறங்கி வரும்படி சொன்னது.

"தெனமும் கடைசிதான்" என்றாள் அந்த அம்மா. பிழிந்த போர்வையோடு பால்கனிக்கு நடந்தாள்.

அவள் கேமராவைத் தூக்கினாள். இடது கை லென்ஸின் அடியில் போய் நின்றது. விலாவோடு முழங்கையை ஒட்டி, கேமராவைப் பால்கனிப் பக்கம் நிலைநிறுத்தினாள். ஒலிபெருக்கி மறுபடி ஆரம்பித்தது. அந்த அம்மா போர்வையின் இரண்டு முனைகளையும் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி, ஊருக்கே கேட்கும்படி ஓங்கி ஓர் உதறு உதறினாள். குருவி கேமராவின் பொத்தானை அழுத்தினாள். தண்ணீர்த் துளிகள் வெயிலில் சிதறி, கீழே நின்ற போலீஸ் தொப்பிகளின்மேலும் அண்ணாந்திருந்த லென்ஸ்களின்மேலும் விழுந்துகொண்டிருந்தன.