நானூறாம் நம்பர் பெல்ட்

நஞ்சப்பன் கடையில் சிவராஜ் பாலீஷ் மெஷினுக்குப் பெல்ட் வாங்க ஆரம்பித்து இருபது வருஷம் இருக்கும். வண்டி வந்து நின்றாலே அறுபது, நூற்றிருபது, இருநூற்றி நாற்பது, நானூறு என்று நான்கு நம்பரிலும் எடுத்து நூல் கட்டி மேசைமேல் வைத்துவிடுவார் நஞ்சப்பன். அன்று வெள்ளிக்கிழமை காலை, சிவராஜ் அந்தக் கட்டைப் பிரித்து இரண்டைத் திருப்பித் தள்ளினான்.

"இருநூத்தி நாப்பதும் நானூறும் வேண்டாமுங்க. எம்பது நம்பர் இருந்தா ஒண்ணு குடுங்க."

"அப்பறம் எப்படீங்க கத்திப் பிடியில மொகம் தெரியும்?"

"தெரிய வேண்டாமுங்க."

நஞ்சப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அனுப்பர்பாளையத்துக்காரன் வாயிலிருந்து வருகிற பேச்சா இது?

அந்த ஊரில் பாத்திரம் பட்டறையை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் அதில் முகம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் திரும்பப் போய் மெஷினில் கொடு, அவ்வளவுதான். சிவராஜ் பதினாறு வயதில் பாலீஷ் வேலைக்கு வந்தவன். இரண்டு உருளைக்கு நடுவே மணல் ஒட்டிய துணிப் பெல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். நம்பர் குறைந்தால் சொரசொரப்பு அதிகம், அது உருவத்தைக் கொண்டு வரும். நம்பர் ஏற ஏறக் கீறல் மறையும். நானூறுக்கு அப்புறம் மெழுகு வைத்துத் துணிச் சக்கரத்தில் ஓட்டினால் முகம். இதெல்லாம் அவனுக்கு யோசனையே இல்லாமல் கையில் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பாத்திர ஆர்டர் படுத்துவிட்டது. பல்லடம் பக்கத்துக் கோழிக் கடைகளுக்குக் கத்திப் பிடி போட்டுக் கொடுக்க ஆரம்பித்தான். உலோகம் போய் மரம் வந்ததே தவிர கை மாறவில்லை. வேங்கைக் கட்டையை அறுபதில் உருட்டி, நூற்றிருபதில் சீர் பண்ணி, நானூறு வரை ஏற்றி, மெழுகும் போட்டான். அட, கோழி வெட்டுகிற கத்தியின் பிடியில் யார் முகம் பார்க்கப் போகிறார்கள்? அவனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமா, கடைக்காரர்கள் கத்தியைத் தூக்கி வாடிக்கையாளரிடம் காட்டிப் பெருமையடித்தார்கள். பாராட்டு கேட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

முத்துப்பேச்சியும் பாராட்டியவள்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, அங்கே நிலைக்காமல், பல்லடத்தில் சித்ராதேவியின் கோழிக் கடையில் வெட்டுக் கட்டை வேலைக்கு வந்தவள். ஆம்பளைகளே திணறுகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ஒற்றை ஆளாகச் சமாளிப்பாள். ஆறு வாரத்துக்கு முன்னால், தொடை மூட்டில் கத்தி முனையைக் குத்தித் திருப்பும்போது முனை எலும்பில் மாட்டி நின்றது. கத்தி நின்றது, கை நிற்கவில்லை. பிடியிலிருந்து வழுக்கி அப்படியே இரும்பின் மேல் ஓடிவிட்டது. வலது கை நான்கு விரலிலும் உள்பக்கமாக வெட்டு. நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள்.

"கை ஈரமா இருந்துச்சு, நான்தான் கவனிக்கல," என்று அவள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். சிவராஜிடமும் அதையேதான் சொன்னாள். அவனும் ஐயோ பாவம் என்று கேட்டுவிட்டு வந்தான்.

போன வாரம் சித்ராதேவி அந்தக் கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுத்தனுப்பினாள். கூடவே ஒரு செய்தி: திங்கட்கிழமை முத்துப்பேச்சி வந்து ஒரு கோழி வெட்டிக் காட்டட்டும், முடிந்தால் வெட்டுக் கட்டை வேலை அவளுக்கு, முடியாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான். சிவராஜ் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்ன தோன்றியதோ, பிடியில் கோழிக் கொழுப்பைத் தடவி, தண்ணீரில் நனைத்து, இரும்புப் பக்கம் சாக்கைச் சுற்றிக்கொண்டு, முனையைப் பலகையில் ஓங்கிக் குத்தினான். கை சர்ரென்று சாக்குமேல் ஓடியது. மறுபடி குத்தினான். மறுபடியும் ஓடியது.

அதற்குத்தான் இந்த எண்பது. வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பிடி அளவுக்கு மூன்று கட்டைகள் செய்தான். ஒன்றை அறுபதோடும், ஒன்றை எண்பதோடும், ஒன்றை நூற்றிருபதோடும் நிறுத்தினான். பாதி வேலையில் எழுந்து போகிற மாதிரி கை நமநமத்தது. ரொம்பச் சொரசொரப்பாக இருந்தால் நாள் முழுக்க வெட்டுகிறவள் தோல் உரிந்துவிடும். ரொம்ப வழவழப்பு என்ன செய்யும் என்று பார்த்தாயிற்று. எது சரி என்று பிடிக்கிற கைதான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் பல்லடத்தில் தறிக் குடோனுக்குப் பின்னால் இருந்த அவள் வீட்டுக்குப் போனான். கொழுப்புக் கலந்த தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, மூன்று கட்டைகளையும் நனைத்தான்.

"எது கையில நிக்குதுன்னு சொல்லுங்க அம்மிணி. அதுலயே பிடி போட்டுத் தந்தர்றேன், திங்கக்கெழமைக்கு ஆகும்."

முத்துப்பேச்சி வலது கையை நீட்டினாள். விரல்கள் பாதிதான் மடங்கின. முதல் கட்டையைப் பிடித்தாள், இரண்டாவதைப் பிடித்தாள், மூன்றாவதை ரொம்ப நேரம் பிடித்திருந்தாள்.

"எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு அண்ணே."

"நல்லாப் பாருங்க."

மறுபடி பிடித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, இடது கைக்கு மாற்றினாள். மாற்றின உடனே சொல்லிவிட்டாள். "இது நறநறங்குது. இது வழுக்குது. நடுவுல உள்ளதுதான் சரி." அதே நடுக் கட்டையைத் திரும்ப வலது கையில் வைத்து, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். பார்க்கத்தான் முடிந்தது, விரலுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

தறிச் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது.

"என்ன செய்ய," என்றாள் அவள் கடைசியில். "அன்னைக்குக் கைய நல்லாத் தொடச்சிருக்கணும். என் தப்பு."

சரி அம்மிணி, உடம்பைப் பார்த்துக்குங்க என்று சொல்லிவிட்டு அவன் எழுந்திருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. அந்த நினைப்பு வந்ததற்கே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"உங்க தப்பு இல்லீங்க. கோழி வெட்டற கை ஈரமாத்தானே இருக்கும்? பிடியப் பாத்திரமாட்டப் பாலீஷ் போட்டு வெச்சது நானு. ஊட்ல வெச்சு நனைச்சுப் பாத்தேன், என்ற கையும் வழுக்கீருச்சு. செய்யறப்பவே பாத்திருக்கோணும். பாக்கலீங்க."

அவள் முகம் கறுத்தது. கண்ணில் நீர் திரண்டது, ஆனால் விழவில்லை. வையட்டும், நாலு வார்த்தை வைதால் தேவலை என்று அவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவளோ கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மாதிரி எத்தனை கத்தி குடுத்திருக்கிய?"

அவன் கடை கடையாக நினைத்துப் பார்த்தான். "நாப்பது இருக்குமுங்க. மேலயும் இருக்கும்."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. விடிஞ்சதுல இருந்து எல்லாக் கடையிலயும் வெட்டுவாவ. இங்க உக்காந்து என் கையப் பாத்துக்கிட்டு என்ன செய்யுதிய?"

அவன் எழுந்தான். முத்துப்பேச்சி இடது கையால் நடுக் கட்டையை எடுத்து, புடவையில் துடைத்து, அவனிடம் நீட்டினாள்.

"இந்த நம்பருல போடுங்க. எங்க கடைக் கத்தியையும் சேத்துத்தான். திங்கக்கெழம யாராச்சும் அதப் பிடிப்பாவல்லா."