ஜன்னல் அளவுகள்

காலை ஏழு பத்துக்கு அக்கா கூப்பிட்டாள். தங்கை பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“நான் எதையோ அமுக்கித் தொலைச்சிட்டேன்டி. எல்லாம் போச்சு. ஒரு ஜன்னல்கூட இல்ல.”

அக்கா திரைச்சீலை தைப்பவள். வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளந்து வருவாள். அளவுகளைத் துணிக்கடை ரசீதுகளின் பின்பக்கத்தில் எழுதுவாள். ரசீதுகள் துணிச் சுருளுக்குள் புகுந்துகொள்ளும், வெட்டுத் துண்டுகளோடு குப்பைக்குப் போகும். ஒருமுறை ஒரு வீட்டுக் கூடத்துக்குத் தைத்த திரை இன்னொரு வீட்டுக் குளியலறையில் போய்த் தரையைப் பெருக்கியது. அதைக் கேட்ட பிறகுதான் தங்கை தன் பழைய லேப்டாப்பைத் துடைத்து அக்காவுக்குக் கொடுத்தாள்.

தங்கை இணையதளங்கள் கட்டுபவள். குடும்பத்தில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் அது முதலில் அவள் மேசைக்கு வரும். விளம்பரங்களைத் தடுக்க ஒரு மென்பொருள், பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்க ஒன்று, சுருக்கிய ஃபைல்களைப் பிரிக்க ஒன்று, எந்த வீடியோவையும் முரண்டு பிடிக்காமல் ஓட்ட ஒன்று. எல்லாம் இலவசம், எதுவும் யாரையும் வேவு பார்க்காது. கடைசியாக பிரவுசர். மூடும்போது தன்னிடமுள்ள எல்லாவற்றையும் தானே அழித்துக்கொள்ளும்படி அதை அமைத்துவிடுவாள். அத்தான் அவளுக்குத் தடுப்பூசி டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார். அவளுடைய சொந்தத் தளத்தில் ‘நான் பரிந்துரைப்பவை’ என்றொரு பக்கம் உண்டு. தெரியாதவர்கள்கூட அதைப் பார்த்துத் தங்கள் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்துகொண்டார்கள்.

அக்காவுக்காக அவள் கூடுதலாக ஒரு வேலை செய்தாள். பிரவுசரில் திறக்கும் சின்னப் பக்கம் ஒன்றை எழுதினாள். வீடு, ஜன்னல், அகலம், உயரம், கீழே பச்சையாக ‘சேமி’ என்று ஒரு பொத்தான். யார் வீட்டில் எத்தனை ஜன்னல் என்பது வெளியே எந்தக் கம்ப்யூட்டருக்கும் போகக் கூடாது என்பதால், அளவுகள் அந்த பிரவுசருக்குள்ளேயே தங்கும்படி செய்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

ஆரம்பத்தில் அக்கா அந்தப் பொத்தானை ஒரு விரலால், சூடான தோசைக்கல்லைத் தொடுவது போலத் தொட்டாள். பிறகு பழகிவிட்டது. “சிஸ்டத்துல ஏத்திடறேன்” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லத் தொடங்கினாள். அதைச் சொல்லும்போது குரல் ஒரு படி ஏறும். அந்தத் துணிச்சலில்தான் ஒரு மழலையர் பள்ளியின் மொத்த ஜன்னல்களையும் ஒப்புக்கொண்டாள். இதுவரை கிடைத்ததிலேயே பெரிய வேலை.

“எனக்கு இது சரிப்படாதுடி. நீ வந்து எடுத்துட்டுப் போயிடு. நான் ரசீதுலயே எழுதிக்கறேன்” என்றாள் அக்கா.

“என்ன பண்ணினே? வரிசையாச் சொல்லு.”

“நீ சொன்னதைத்தான் பண்ணினேன். சும்மா மூடியை மட்டும் மூடாதே, ஒழுங்கா ஆஃப் பண்ணுன்னு திட்டுவியே. நேத்துதான் முதல் தடவையா எல்லாத்தையும் மூடிட்டு ஆஃப் பண்ணினேன்.”

தங்கை நுரையைத் துப்பினாள். புரிந்துவிட்டது. பிரவுசரிடம் வைத்துக்கொள் என்று ஒரு கையால் சொல்லி, அழித்துவிடு என்று மறு கையால் சொல்லியிருக்கிறாள். அக்கா பிரவுசரை மூடாமல் லேப்டாப் மூடியை மட்டும் மூடிவந்ததால் இத்தனை நாள் அளவுகள் பிழைத்துக் கிடந்தன.

அக்கா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். ஏதோ கோளாறு என்று சொல்லலாம். பொய்யும் இல்லை. ஆனால் கோளாறு என்றால் அக்கா அது தன் விரலில் இருப்பதாகவே எடுத்துக்கொள்வாள். அந்த ஏறிய குரல் இறங்கிவிடும்.

அக்கா வீட்டில் லேப்டாப் ஒரு துணிப்பைக்குள் ஏற்கெனவே தயாராக இருந்தது, ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு. தங்கை செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னாள்.

“நீ ஒண்ணும் பண்ணலக்கா. நான்தான். அழிக்கச் சொல்லி வச்சதே நான்தான்.”

அக்கா அவளைப் பார்த்தாள். தையல் இயந்திரத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, துணிக்குவியலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏங்க! இங்க வாங்க! டாக்டரே ஊசியை மாத்திக் குத்திட்டாளாம்!”

அத்தான் சவர நுரையோடு எட்டிப் பார்த்தார். “ஃபீஸைத் திருப்பிக் கேளு.”

“நீ என்னத்தைக் குடுத்தே கேக்கறதுக்கு? டீதானே குடுத்தே” என்றாள் தங்கை, அக்காவிடம். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துணிப்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தது அக்காதான்.

அளவுகள் இருக்கும் பக்கத்தை மட்டும் அழிக்க வேண்டாம் என்று தங்கை பிரவுசருக்குச் சொல்லிவைத்தாள். அளவுகளைத் தனி ஃபைலாக எழுதி வைக்க இன்னொரு பொத்தானும் சேர்த்தாள். வீட்டுக்கு வந்து தன் பரிந்துரைப் பக்கத்தைத் திறந்தாள். பிரவுசரைப் பற்றிய பத்தி ‘இதனால் எந்தச் சிக்கலும் வராது’ என்று முடிந்தது. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அந்தப் பள்ளிக்குப் போனார்கள். குழந்தைகள் இல்லாத வகுப்பறைகளில் களிமண் வாசனை. ஜன்னல்கள் எல்லாம் இடுப்புக்குக் கீழே இருந்தன, கண்ணாடியில் சின்னச் சின்னக் கைத்தடங்களோடு. தங்கை தரையில் மண்டியிட்டு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

“இழுக்காதடி, அது என்ன ரப்பரா? திரைக்கம்பியிலேர்ந்து அள. சட்டத்துலேர்ந்து இல்ல.”

“சரி.”

“யோசிச்சா நீயும் நானும் ஒரே தொழில்தான். வெளியிலேர்ந்து எட்டிப் பாக்கறவனுக்குத் தெரியாம மறைக்கறது. ஆனா நான் தச்ச திரை எதுவும் வீட்டுக்காரன் கண்ணை மறைச்சதில்ல.”

“போதும், சொல்லிக் காட்டாதே.”

“ஒரு வருஷத்துக்குச் சொல்லுவேன்.”

லேப்டாப் ஒரு குட்டி நாற்காலியில் இருந்தது. அக்கா அதன் முன் குந்தி, எண்களைத் தானே அடித்தாள். இப்போது இரண்டு கைகளாலும் அடித்தாள். தங்கை எழுந்து உதவப் போனபோது முழங்கையால் தள்ளிவிட்டாள். மூன்று வகுப்பறைகள், சாப்பாட்டு அறை, கடைசியாக மாடிப்படி அருகே ஒற்றை ஜன்னல். வெயில் அதன் வழியே வந்து லேப்டாப் திரையை மங்கச் செய்தது. அக்கா கையால் மறைத்துக்கொண்டு சேமித்தாள். புதிய பொத்தானையும் அமுக்கினாள். பிறகு அம்புக்குறியை மூலையிலிருந்த பெருக்கல் குறிக்கு, அவசரமில்லாமல், நகர்த்திக்கொண்டு போனாள்.

தங்கை இதை அக்கா வீட்டிலேயே பலமுறை மூடித் திறந்து பார்த்திருந்தாள். இருந்தாலும் கையிலிருந்த டேப்பை விரலில் இறுகச் சுற்றிக்கொண்டாள். அக்கா திரும்பி அந்த விரலைப் பார்த்தாள்.

“பயமா இருந்தா அந்தப் பக்கம் திரும்பிக்கோடி. மூடட்டுமா?”