நாற்பது எழுத்துத் திரை

காலை எட்டரை மணிக்கு முன்பே செல்வமேரி அலுவலகத்தைத் திறந்து, கம்ப்யூட்டர் மேசையைத் தனியாளாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். மேசை கிடந்த இடத்தில் ஜன்னல் அவள் முதுகுக்குப் பின்னால் வந்தது. பள்ளத்திலிருந்து மஞ்சு என்கிற மூடுபனி ஏறிவிட்டால் ஜன்னல் முழுக்க வேட்டி விரித்த மாதிரி வெளுத்துவிடும். அந்த வெளுப்பு அப்படியே திரையில் விழுந்து, உள்ளே இருக்கிற பச்சை எழுத்தை விழுங்கிவிடும். நாலு விரற்கடை நகர்த்துவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

மேசையைச் சுவரோரம் திருப்பிப் போட்டபின், பையிலிருந்து கறுப்பு அட்டையை எடுத்தாள். ராத்திரி புருஷன் மனுவேல் மைதாப் பசை காய்ச்சி ஒட்டிக் கொடுத்தது. திரையின் மேலும் இரண்டு பக்கமும் அதைக் கூடாரம் போலப் பொருத்தி, தலையை உள்ளே நீட்டி, திரைக்குக் கீழே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற இரண்டு திருகுகளையும் மாற்றி மாற்றித் திருகினாள். எழுத்து துலங்கியது. ஆனால் ‘எச்’சா ‘என்’னா என்று பிரிக்க மூக்கு திரையைத் தொட வேண்டியிருந்தது.

மலைமேல் இருந்த அந்த விடுதிப் பள்ளியில் அவள் பதின்மூன்று வருஷமாக டைப்பிஸ்ட். சிறு வயதிலேயே சோடாபுட்டிக் கண்ணாடி. ஆறேழு வருஷமாக அந்தக் கண்ணாடியும் உதவவில்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு வாடுகிறது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளம்மா என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். அது அவளுக்கும் மனுவேலுக்கும் மட்டுமே தெரியும். டைப்ரைட்டருக்குக் கண் தேவைப்படவில்லை. மேனேஜர் கஸ்பார் வாயால் சொல்லச் சொல்ல விரல்கள் அடித்துக்கொண்டு போகும். தப்பான சாவியில் பட்டால் விரலுக்கே தெரிந்துவிடும். யாராவது தாளை நீட்டினால் வாங்கி, மேலிருந்து கீழாகக் கண்ணை ஓடவிட்டு, தலையாட்டி, கையெழுத்தும் போட்டுவிடுவாள். வாசிக்க வேண்டியதைச் சேலைக்குள் செருகி வீட்டுக்குக் கொண்டுபோவாள். மனுவேல் வாசித்துச் சொல்வான்.

வீடு என்றால் பள்ளிக்குப் பின்னால், வேலை பார்ப்பவர்களுக்கு விட்டிருந்த இரண்டு அறை. மூன்று வருஷத்துக்கு முன் பேரி மரத்திலிருந்து விழுந்து மனுவேலுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவன் மலைப்பாதையில் நடக்கவில்லை. அவள் வேலை போனால் அடுத்த மாசமே அறையும் போகும். போவதற்கு வேறு கூரை கிடையாது.

எண்பத்தேழு ஜூனில் கம்ப்யூட்டர் வந்தது. டைப்ரைட்டர் ஸ்டோர் ரூமுக்குப் போனது. இந்தக் கருவியோ அடிக்கு ஒரு கேள்வி கேட்டது. கேள்வியைத் திரையில் வாசித்தால்தான் பதில் சொல்ல முடியும். செல்வமேரி இரண்டு தடவை ஒரு வகுப்பின் மாணவர் விவரத்தையே அழித்துவிட்டாள். அதிலிருந்துதான் கஸ்பார் அவளைக் கவனிக்கத் தொடங்கினார். அவர் போட்டிருந்தது ரப்பர் செருப்பு, வருகிற சத்தமே கேட்காது. முதுகுக்குப் பின்னால் யூகலிப்டஸ் தைல வாசனை வந்த பிறகுதான் அவர் வெகுநேரமாக நிற்கிறார் என்பது தெரியும். ஒருநாள் அவள் மேசையில் பேசாமல் ஒரு கடிதத்தை வைத்துவிட்டுப் போய், சாயங்காலம் வந்து, காலையில் வைத்ததை இன்னும் பார்க்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

திரை சரியில்லை என்று அவள் கம்பெனிக்குச் சொல்லியிருந்தாள். மேசையை நகர்த்திய அன்றே மதுரையிலிருந்து அமானுல்லா என்ற மெக்கானிக் வந்து சேர்ந்தான். முப்பது வயது இருக்கும், இரவல் ஸ்வெட்டர், குளிரில் பல் தந்தியடித்தது. கஸ்பார் பேங்குக்குப் போயிருந்தார். அமானுல்லா கருவியைக் கழற்றி மாட்டி, கறுப்பு அட்டையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, “செட்டுல ஒரு கோளாறும் இல்லைங்கக்கா” என்றான்.

தவளை தன் வாயால் கெடும் என்று இத்தனை வருஷம் வாயைக் கட்டியிருந்தவள் அவள். ஆனால் இவன் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனால் கோளாறு அவளிடம்தான் என்று ஆகிவிடும். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

“கோளாறு எங் கண்ணுலதான் தம்பி” என்றாள்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இந்தத் திரை ஒரு வரிக்கு எண்பது எழுத்துக் காட்டுகிறது, அதை நாற்பதாக்கினால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு மடங்கு அகலமாகும், வரியின் மீதிப் பாதியை அம்புக்குறிச் சாவியால் இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கினான். ‘மோட்’ என்று அடித்து, ஓர் இடம் விட்டு, நாற்பது என்று தட்டினான்.

திரை ஒரு கணம் இருண்டது. பிறகு எழுத்து வந்தது. கட்டைவிரல் தண்டிக்கு, கறுப்பின் மேல் பச்சையாக, ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நின்றது. அவள் நாற்காலியில் நேராகச் சாய்ந்து உட்கார்ந்தபடியே அதை வாசித்தாள். தான் அடித்ததைத் தானே வாசித்து எத்தனை வருஷமாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை.

காப்பி வாங்கிக் கொடுத்தாள். இரண்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவன் அவசர அவசரமாக மஞ்சள் தாளில் என்னவோ எழுதி, அடியில் கார்பன் வைத்து நீட்டினான். “வெரசா ஒரு கையெழுத்துங்கக்கா. என்ன சோலி பாத்தேன்னு எழுதாட்டி கம்பெனியில விட மாட்டாங்க.”

இவனிடம் மறைக்க ஒன்றுமே இல்லை. நீயே வாசி தம்பி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறேழு வருஷப் பழக்கத்தில் கை முந்திக்கொண்டது. தாளை வாங்கினாள். நீல மசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி. மேலிருந்து கீழாகக் கண்ணை ஓடவிட்டாள், தலையாட்டினாள், கையெழுத்துப் போட்டாள். கார்பன் நகலை அவன் எடுத்துக்கொண்டான். மேல் தாளை, கஸ்பாரின் ஃபைலில், அவளே ஓட்டை போட்டுக் கோத்து வைத்தாள்.

அடுத்த மூன்று வாரம் அவள் வேலையில் ஒரு பிசகு இல்லை. அழித்த விவரங்களையும் திரும்ப ஏற்றிவிட்டாள். மனுவேலிடம் இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்றுகூடச் சொன்னாள். கஸ்பார் இப்போதெல்லாம் பின்னால் வந்து நிற்பதில்லை. தாள் வைத்துச் சோதிப்பதும் இல்லை. முதலில் அது நிம்மதியாக இருந்தது. போகப் போக, தைல வாசனை வருகிறதா என்று அவளே அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். ஒரு மத்தியானம் தமயந்தி என்ற பெண்ணை அவர் அழைத்து வந்தார். மதுரையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவளாம், சும்மா பார்க்க வந்திருக்கிறாளாம். அந்தப் பெண் கறுப்பு அட்டைக்குள் குனிந்து பார்த்து, கண்ணுக்குக் குளுமையாக இருக்கிறது, யார் செய்தது என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கஸ்பார் கூப்பிட்டார். கையில் மஞ்சளாக ஒரு தாள் இருந்தது. இங்கிலீஷில் அதை நிதானமாக வாசித்தார். பிறகு தமிழிலும் சொன்னார். கருவியில் பழுதில்லை. இயக்குபவருக்குக் கண்பார்வை மிகக் குறைவு. அதற்காக எழுத்து பெரிதாக்கப்பட்டது.

“கீழ உங்க கையெழுத்து. வாசிச்சுப் பாத்துட்டுத்தானே போட்டீங்க?”

இல்லை என்றால் வாசிக்க முடியாதவள். ஆமாம் என்றால் அத்தனையும் உண்மை. அவள் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

“ஆமாங்க சார்.”

இப்போது பார்க்கிற வேலையில் அவர் குறை சொல்லவில்லையாம். ஆனால் எழுத்தில் வந்துவிட்டது, சும்மா இருந்தால் மேலே தன்னைத்தான் கேட்பார்கள் என்றார். தமயந்தி திங்கட்கிழமைதான் வருகிறாள், அதனால் வேலையை விட்டு நிறுத்தும் கடிதத்தை மட்டும் செல்வமேரியே அடித்துக் கொடுத்துவிடலாம் என்றார். நின்றபடியே கடிதத்தை வரி வரியாகச் சொன்னார். அவள் கறுப்பு அட்டைக்குள் முகம் வைத்து அடித்தாள். தன் பெயர், தன் வேலை, கண்பார்வைக் குறைவு என்ற காரணம், மாசக் கடைசிக்குள் இரண்டு அறைகளையும் காலிசெய்து சாவியை ஒப்படைக்க வேண்டும் என்ற கடைசி வரி. ஒவ்வோர் எழுத்தும் பெரிதாக, தெளிவாக வந்து நின்றது. ஒன்றுகூடப் பிசகவில்லை.

“அந்தப் பொண்ணுக்கு இது தோதுப்படாது. எழுத்தைப் பழையபடி ஆக்கிடுங்க” என்றார்.

கடிதத்தைப் பத்திரப்படுத்திவிட்டு, ‘மோட்’ என்று அடித்தாள். ஓர் இடம் விட்டாள். எண்பது.

“ஓப்பன் பண்ணி ஒருதடவை சரி பாத்துடுங்க. அப்புறம் பிரிண்ட் எடுக்கலாம்.”

திறந்தாள். கறுப்புக் கூடாரத்துக்குள், நனைந்த சுவரில் பாசி படர்ந்த மாதிரி, ஒரு பச்சை மங்கல். ஜன்னலுக்கு வெளியே மஞ்சு ஏறியிருந்தது. கஸ்பார் காத்துக்கொண்டு நின்றார். செல்வமேரி மேலிருந்து கீழாகக் கண்ணை ஓடவிட்டாள். தலையாட்டினாள்.

“சரியா இருக்குங்க சார்.”