மச்சினனின் கறுப்புப் பொடி

எக்ஸ்ரே கருவியை இயக்குபவருக்கு ஆய்வுக்கூடத்தில் எந்தத் தொல்லையும் இல்லை. வீட்டுப் பக்கத்திலிருந்துதான் ஒரு மச்சினன் வந்து சேர்ந்திருந்தான். கெட்டவன் இல்லை, ஆராய்ச்சி மாணவன். தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி ஹைட்ரஜன் பிரிக்க ஊரெல்லாம் விலையுயர்ந்த பிளாட்டினத்தைத் தேடும்போது, இவன் மலிவாக மாலிப்டினம் என்ற உலோகத்தையும் கந்தகத்தையும் சேர்த்து ஒரு கறுப்புப் பொடி செய்துவிட்டு, "பிளாட்டினத்துக்குக் கொஞ்சமும் சளைச்சதில்ல மாமா" என்று மூன்று வருடமாக மார்தட்டிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். வேலை நடக்கும்போதே பொடியின் மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்று காட்டும் படம் மட்டும்தான் பாக்கி.

"என் தம்பிக்கு நல்ல படமா எடுத்துக் குடுங்க" என்று மனைவி காலையில் சொல்லியனுப்பினாள், ஏதோ கல்யாண ஆல்பத்துக்கு எடுப்பதைப்போல.

மின்சாரம் பாய்ச்சுவதற்கு முன் திரையில் ஓடிய கோட்டில் மாலிப்டினத்தின் மேடும் கந்தகத்தின் மேடும் சாதுவாக இருந்தன. பாய்ச்சியதும் குமிழிகள் கிளம்பின. பத்தாவது நிமிடம் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு புது மேடு எழுந்தது. அரை மணியில் அது நன்றாகவே வளர்ந்துவிட்டது. அந்த மேடு அவருக்கு இருபது வருடப் பழக்கம். பிளாட்டினம்.

மேட்டைக் கருவியின் வெறும் இரைச்சல் என்று சொல்லி வெட்டிவிட அரை நிமிடம் போதும். வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடலாம். கை மவுஸ் வரைக்கும் போய்விட்டுத் திரும்பியது.

"பொடிக்கு எதிர்முனையில என்ன வெச்சிருக்க?" என்று பக்கத்தில் நின்ற மச்சினனிடம் கேட்டார்.

"பிளாட்டினம் கம்பி. எல்லாரும் அதைத்தானே வெப்பாங்க."

"அது தண்ணியில கலந்திருக்கற அமிலத்துல கரைஞ்சு உன் பொடி மேல வந்து உக்காந்திருக்கு. வேலை பாக்குறது அது. பேர் வாங்குறது உன் பொடி."

மச்சினன் திரைக்கு அருகே குனிந்து அந்த மேட்டைப் பார்த்தான்.

"அப்போ மூணு வருஷமா பிளாட்டினத்தையே பிளாட்டினத்தோட ஒப்பிட்டுப் பாத்திருக்கேன். எப்படிச் சளைக்கும்?" என்றான்.

கம்பியை எடுத்துவிட்டுக் கார்பன் குச்சியும் புதுப் பொடியும் வைத்து ஓட்டினார்கள். குமிழிகள் சோம்பலாக வந்தன. பழைய மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. மச்சினனின் முகத்தைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். மச்சினனே எடுத்தான்.

"வெள்ளிக்கிழமை குடுக்க முடியாதுக்கா. பொடி பத்துல ஒரு பங்குதான் வேலை செய்யுது. மாமாவைத் திட்டாத, அவரு பாத்துச் சொன்னதாலதான் தப்பிச்சேன்."

"அந்த ஒரு பங்காவது உன்னோடதா?"

"ஆமாக்கா. அது என்னோடதுதான்."

"அப்போ அதை எழுது. போனை அவர்கிட்ட குடு."

அவர் பாராட்டை எதிர்பார்த்துப் போனை வாங்கினார்.

"ஏங்க, இதை முதல் வருஷமே பாத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் பேசிவிடக் கூடாதென்று, கருவிக்கான வரிசையில் மச்சினனை மூன்று வருடமாகக் கடைசியில் தள்ளிக்கொண்டே வந்தவர் அவர்தான்.