பெட்டியில் போடாத படம்

சவப்பெட்டிக்குப் பக்கத்து மேசையில் சிகரெட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள் ஹொனோரா. இழவு கேட்க வருகிறவர்களுக்குப் புகையிலை கொடுக்காவிட்டால் புரூக்ளின் அயர்லாந்துக்காரர்கள் ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். புருஷனைக் கொன்ற சரக்கை அவன் தலைமாட்டிலேயே பரிமாறுகிறோமே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

வந்த ஆண்கள் சிகரெட் பெட்டியைப் பிரித்ததும், கம்பெனி உள்ளே ஒன்றாகப் போட்டுவைக்கும் அட்டையில் எந்த பேஸ்பால்காரன் படம் என்றுதான் முதலில் பார்த்தார்கள். சிலுவை போட்டதெல்லாம் பிறகுதான். செத்துக் கிடக்கிற ஃபின்டனும் அந்த ரகம். கம்பெனி வெளியிட்ட பட்டியலில் இருந்த மற்ற அத்தனை பேர் படத்தையும் ஊதியே சேர்த்துவிட்டான். கோனிஃப் என்ற இடதுகைப் பந்துவீச்சாளன் மட்டும் கிடைக்கவில்லை.

"அவன் கிடைச்ச அன்னைக்கே சிகரெட்ட விட்டுடறேன் நோரா. மாதா மேல சத்தியம்."

நோரா என்றுதான் ஃபின்டன் அவளைக் கூப்பிடுவான்; சளியில் ரத்தம் வந்த பிறகும் அதே பேச்சு. அந்தச் சத்தியத்தை நம்பி, கடைசியில் அவளே ஊரார் துணி வெளுத்த காசில் பெட்டிகள் வாங்கிப் பிரித்துப் பார்த்தாள்.

அவள் தம்பி மலக்கி சிகரெட் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவுக்கு மேஸ்திரி. அவன் வந்து குனிந்து, பிணத்தின் சட்டைப் பையில் எதையோ செருகினான். ஹொனோரா எடுத்துப் பார்த்தாள். கோனிஃப்.

"ஏதுடா இது?"

"போறப்பவாவது வச்சுக்கட்டுமேன்னு..."

"ஏதுன்னு கேட்டேன்."

மலக்கி குரலைத் தாழ்த்தினான். "அச்சடிச்சாங்கக்கா. பெட்டியில மட்டும் போட வேணாம்னுட்டாங்க. ஜனங்க தேடித் தேடி வாங்கட்டும்னு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆரம்பத்துலயே."

"உன் எதிர்லதானேடா நான் ஒவ்வொண்ணாப் பிரிச்சேன்?"

"வெளிய சொன்னா வேலை போயிடும்க்கா. மச்சான் ஏதோ விளையாட்டுக்குச் சொல்றாருன்னு நினைச்சேன்."

அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். கம்பெனிக்காரன் ஏமாற்றியதுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. படத்தை அவன் கையிலேயே திணித்தாள்.

பாதிரியார் வந்தார். எல்லோரும் முழந்தாளிட்டார்கள். செபமாலையில் பத்துப் பத்து மணிகளாக வரும் ஒவ்வொரு செபப் பகுதியையும் நெருங்கிய சொந்தத்தில் ஒருவர் தொடங்க வேண்டும். முதல் பத்து ஃபின்டனின் அண்ணன். இரண்டாவது அவள். மூன்றாவது அவள் உடன்பிறந்தவனுடையது. மலக்கி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

அதற்குள் ஹொனோரா பக்கத்து வீட்டுக்காரியின் முழங்கையைத் தொட்டாள்.

"நீங்க ஆரம்பிங்க" என்றாள்.