மன்னிக்கும் காட்சி

கடலோர ஊரான வின்னெபாவில் ஈஸ்டர் ஞாயிறு மத்தியானம், நாடகம். குழுவில் பொம்பளை வேஷம் கட்டுவதும் ஆம்பளைகள்தான். அதில் எபோ அழுதால் கல்லும் கரையும். அவனுக்குப் பேர் வாங்கித் தந்தது கைவிடப்பட்ட மனைவி வேஷம். கட்டின மனைவி மன்சாவை விட்டுவிட்டு ஒன்பது வருஷத்துக்கு முன் குமாசி ஊர்க்காரி ஒருத்தி பின்னால் ஓடியவனுக்கு அந்த வேஷம்! அந்தக் குமாசிக்காரியும் இவனை எப்போதோ துரத்திவிட்டாள்.

திரையை விலக்கிப் பார்த்தான். மூன்றாவது வரிசையில் மன்சா. அந்த ஊர்ப் பெண்கள் வாயால் சொல்லாததைக் கட்டும் துணியால் சொல்வார்கள். கோபத்துக்கு ஓர் அச்சுத் துணி, ஏளனத்துக்கு ஓர் அச்சுத் துணி, எல்லாவற்றுக்கும் பேர் உண்டு. மன்சா கட்டியிருந்ததோ அச்சே இல்லாத வெறும் நீலம்.

"பாத்தியா, திட்டல," என்றான், புருஷன் வேஷம் போடும் ஜோஜோவிடம். "கடைசிக் காட்சியில நான் உன்ன மன்னிக்கிறத அவ பாத்தான்னா மனசு இளகிடும். இன்னைக்கே வீட்டுக்குக் கூப்பிடுவா."

"மொதல்ல உன் மார சரியா வைடா. இடுப்புக்கு வந்துடுச்சு."

அன்று, புருஷன் விட்டுப்போகும் காட்சியில், எபோ நாடகத்தில் இல்லாத வசனம் பேசினான். தான் கிளம்பிய நாளில் மன்சா சொன்னதையே சொல்லி அழுதான். "பொட்டியக் கீழ வைங்க. மீன் அடுப்புல இருக்கு, சாப்பிட்டாவது போங்க. எம் முகத்தப் பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க."

பெண்கள் தேம்பினார்கள். வழக்கம்போல மேடையேறி, அழுகிற மனைவியின் கையில் மக்காச்சோளக் கெங்கி உருண்டையும் பொரித்த மீனும் திணித்தார்கள். கடைசியாக மன்சா வந்தாள். முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். பவுடர் வழித்துக்கொண்டு வந்தது.

"ஒரு வார்த்த விடாம ஞாபகம் வச்சிருக்கீங்க," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "உங்க காதுல விழலன்னு நெனச்சுதான் இத்தன வருஷம் மனசத் தேத்திக்கிட்டேன். எல்லாம் கேட்டுருக்கு."

இறங்கிப் போய் உட்கார்ந்தாள்.

கடைசிக் காட்சி. ஜோஜோ வாசலில் மண்டியிட்டு, "என்ன மன்னிச்சுடு," என்றான். எபோ அவனைத் தூக்கி நிறுத்தவேண்டும். இருநூறு தடவை செய்ததுதான். அன்று கை எழவில்லை. தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"நான் கெஞ்சினதக் கேட்டுட்டுத்தான போனீங்க," என்றான். "போங்க."

உள்ளே போய்ப் பலகைக் கதவைச் சாத்திக்கொண்டான். பெண்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள்.

"டேய், தொறடா. முட்டி வலிக்குது," என்று ஜோஜோ கிசுகிசுத்தான்.

எபோ கதவுக்குப் பின்னால் குந்தி நிஜமாகவே அழுதான். அதைக் கேட்க மன்சா இல்லை. கைதட்டல் ஓயுமுன்பே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.